யாழ்ப்பாணத்தில் விழுகிற மழை எந்த வழியால் கடலுக்குப் போகிறது?

ஒக்டோபர் 9. வாசகர் ஒருவரின் கேள்வி, ரொறன்ரோவிலிருந்து

அண்ணை, மகள் ஐந்தாம் வகுப்பு. மழை மலையில் விழுந்து, ஓடையாகி, ஆறாகி, கடலில் சேர்கிற மாதிரி ஒரு படம் கீறிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். கீறிக்கொண்டிருந்தவள் "அப்பா, உங்கட ஊர் ஆற்றுக்கு என்ன பெயர்?" என்று கேட்டாள். எங்களுக்கு மலையும் இல்லை, ஆறும் இல்லை, ஆனபடியால் நீரேந்து பகுதி என்று ஒன்றும் இல்லை, மழை விழுந்த இடத்திலேயே மண்ணுக்குள் போய்விடும், மிச்சம் வீணாகக் கடலுக்குப் போகும் என்று சொல்லிவிட்டேன். நான் சொன்னது சரிதானே?

ஒக்டோபர் 9, இரவு

பாதி சரி தம்பி, பாதி பிழை. பிழையான பாதியைத்தான் மகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

மலை இல்லை என்பது உண்மை. குடாநாட்டின் உயர்ந்த மேடே கடல்மட்டத்திலிருந்து பத்துப் பதினைந்து மீற்றரைத் தாண்டாது. நன்றாக வளர்ந்த ஒரு பனை அதைவிட உயரம். ஆனால் தண்ணீர் ஓட மலை வேண்டாம், சாய்வு இருந்தால் போதும். தெல்லிப்பழைப் பக்கம் நிலம் கொஞ்சம் மேடு. அங்கிருந்து தென்மேற்கே அராலி வரை மெல்ல மெல்லச் சரிகிறது. சைக்கிளில் போகிறவருக்குக் காலில் தெரியாத சரிவு அது. மாரியில் அந்தச் சரிவில் அளவெட்டி, கந்தரோடை, சண்டிலிப்பாய், வட்டுக்கோட்டை என்று குளங்களையும் வயல்களையும் தொட்டுக்கொண்டு ஓடி அராலியில் பரவைக்கடலில், அதாவது கரையோரத்து ஆழமில்லாத உவர்நீரேரியில், சேர்வதுதான் வழுக்கையாறு. ஏறத்தாழ 15 கிலோமீற்றர் நீளம்.

நான் சண்டிலிப்பாயில் இருக்கிறேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் அது இருக்கிறது. கோடையில் பார்த்தால் புல் முளைத்த பள்ளம், மாடு கட்டியிருப்பார்கள். கார்த்திகையில் அதே பள்ளத்தில் ஆள் இறங்கப் பயப்படும். அப்பாவின் ஊருக்கும் ஒரு ஆறு இருக்கிறது, வருடத்தில் இரண்டு மூன்று மாதம் வந்து போகும் என்று மகளிடம் சொல்லும்.

வீணாகக் கடலுக்குப் போவது பற்றிச் சொன்னீரே, அதில் எனக்கும் அதே கவலைதான்.

ஒக்டோபர் 10

இரவு எழுதியது மேல்வழி மட்டும். படுத்த பிறகுதான் நினைவு வந்தது, பெரிய வழியைச் சொல்லவே இல்லை.

வலிகாமத்தில் கிணறு வெட்டினவர்களுக்குத் தெரியும், சில இடங்களில் இரண்டு மூன்று அடி செம்மண் தாண்டியதும் அலவாங்கு (கடப்பாரை) கல்லில் படும். சுண்ணக்கல். ஒரு கோடி வருடத்துக்கும் முந்திய மயோசீன் காலத்தில் கடலுக்கடியில் படிந்தது. பழைய கடலடியின் மேல்தான் நாங்கள் வெங்காயம் நடுகிறோம். மழைத்தண்ணீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள காபனீரொட்சைட்டைக் கரைத்துக்கொண்டு லேசான அமிலமாகக் கீழே இறங்குகிறது. சுண்ணக்கல் அந்த அமிலத்துக்குத் தாங்காது. வெடிப்பு துவாரமாகிறது, துவாரம் குகையாகிறது. உமது மகள் கீறுகிற ஆறு நிலத்துக்கு மேலே ஓடுகிறது. எங்களுடைய தண்ணீரின் முக்கியமான ஓட்டம் நிலத்துக்குக் கீழே.

எங்கள் கிணற்றை ஆழமாக்கியபோது நான் சிறுவன், கட்டில் குப்புறப் படுத்து உள்ளே பார்த்துக்கொண்டிருந்தேன். அடியில் நின்றவர் ஒரு இடத்தில் கல்லைப் பெயர்த்தார். பக்கச் சுவரில் கைமுட்டி அளவு துவாரம் ஒன்று திறந்து, அதால் தண்ணீர் குபுகுபுவென்று வந்தது. "ஊற்றுக்கண் திறந்திட்டுது" என்று மேலே பார்த்துக் கத்தினார். பிறகு அந்தத் துவாரத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். தோள் வரை போனது, கடைசியில் விரலுக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. அந்த வெறுமையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு உடம்பு சிலிர்க்கும். எங்கள் கிணறு என்று நாங்கள் சொல்வது, எங்கோ விழுந்து எங்கோ போகிற தண்ணீர் எங்கள் காணியால் கடக்கும்போது எட்டிப் பார்க்கிற யன்னல்தான்.

ஒக்டோபர் 12

"நிலத்துக்குக் கீழேயும் கடல்தானே இருக்கும், பிறகு எப்படி நல்ல தண்ணீர்?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி.

கடல்நீர் நன்னீரைவிடக் கொஞ்சம் பாரம். நன்னீர் 1000 என்றால் கடல்நீர் 1025. ஆனபடியால் மழைத்தண்ணீர் உவர்நீரின் மேல் மிதக்கிறது, நடுவில் தடித்து, கரையை நோக்கி மெலிந்து, ஒரு வில்லை மாதிரி. கணக்குப்படி நன்னீர் கடல்மட்டத்துக்கு மேல் ஒரு அடி நின்றால், கீழே 40 அடி வரை நன்னீர் இருக்கும். மறுபக்கம் அதே கணக்கு பயமுறுத்தும். இறைத்து இறைத்து மேலே ஒரு அடி குறைத்தால், காலப்போக்கில் கீழேயிருந்து உப்பு 40 அடி ஏறும். கோடையில் மோட்டரை விடிய விடிய ஓட்டினவர்களின் கிணறு சவர் ஆனது இப்படித்தான். துலாவில் ஏறி மிதித்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் ஆள் களைத்தால் இறைப்பு நிற்கும். மோட்டர் களைப்பதில்லை.

ஒக்டோபர் 23

முதல் மழை. இரவு ஒன்றரை மணிக்குத் தொடங்கி விடிகிற நேரம் விட்டது. மண் முழுவதையும் குடித்துவிட்டது, ஒழுங்கையில் ஒரு சொட்டு ஓடவில்லை. கோடை முழுவதும் காய்ந்த நிலம் முதல் மழையை யாருக்கும் கொடுக்காது.

கிணற்றுக் கயிற்றில் அடிக்கு ஒரு முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறேன். கட்டிலிருந்து தண்ணீர் மட்டம் வரை இன்று 14 முடிச்சு. நேற்றும் 14.

ஒக்டோபர் 24

ஒரு சின்னக் கணக்கு. ஒரு சதுர மீற்றரில் ஒரு மில்லிமீற்றர் மழை என்றால் ஒரு லீற்றர். யாழ்ப்பாணத்தில் வருடத்துக்கு 1200 மில்லிமீற்றர் அளவில் பெய்கிறது, பெரும்பகுதி ஒக்டோபரிலிருந்து டிசெம்பர் வரையான மூன்று மாதத்துக்குள். ஒரு பரப்புக் காணி ஏறத்தாழ 253 சதுர மீற்றர். எங்களுடையது நாலு பரப்பு. அதில் ஒரு வருடத்துக்கு 12 லட்சம் லீற்றருக்கு மேல் விழுகிறது.

எழுதிவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தேன். சரிதான். அதில் பெரும்பங்கை வெயிலும் பயிரும் எடுத்துக்கொள்ளும் என்றாலும், தண்ணீர் இல்லாத ஊர் என்று எங்களை நாங்களே சொல்லிக்கொள்வது எனக்கு இனிமேல் வாயில் வராது.

நவம்பர் 3

புத்தூரிலிருந்து ஒரு தங்கச்சி நிலாவரையை ஏன் விட்டீர்கள் என்று கேட்கிறா. விடவில்லை, வந்துகொண்டிருந்தேன்.

நிலாவரைக் கிணறு சுண்ணக்கல் குகையின் கூரை இடிந்து திறந்த வாய். மேலே நன்னீர், ஆழம் போகப் போக உப்பு. ஒக்டோபர் 12ஆம் திகதி நான் எழுதிய மிதக்கிற தண்ணீரைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் அங்கே போகலாம். அங்கே போட்ட எலுமிச்சம்பழம் கடற்கரையிலுள்ள கீரிமலைக் கேணியில் மிதந்தது என்று ஆச்சி சொல்லுவா. நான் அந்தப் பழத்தைக் கண்டதில்லை. ஆனால் அந்தக் கதையை முதலில் சொன்னவருக்கு நிலத்துக்குக் கீழே தண்ணீருக்குப் பாதை இருப்பது தெரிந்திருக்கிறது. துளை போட்டுப் பார்க்கிற கருவி எதுவும் இல்லாத காலத்தில், ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்து அதைச் சொல்லியிருக்கிறார்கள்.

நவம்பர் 9

இன்று எழுதுவது நீளம்.

மூன்று நாள் தொடர் மழைக்குப் பிறகு ஒழுங்கை ஓடத் தொடங்கியது. எங்கள் ஒழுங்கைத் தண்ணீர் தெற்கே தோட்டத் தறைக்குள் இறங்கி அங்கேயே வற்றும் என்றுதான் நாற்பது வருடமாக நினைத்திருந்தேன். பார்த்துவிடுவோம் என்று ஒரு பொச்சுமட்டையை (தேங்காய் உரித்த மட்டை) படலையடியில் போட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

மட்டை தெற்கே திரும்பவில்லை. கிழுவை வேலியோடு மேற்கே போனது. ஆள் நடக்கிற வேகம். வளைவில் ஒரு பூவரசம் வேரில் மாட்டி, இரண்டு சுற்றுச் சுற்றி, பின்பக்கமாக விடுபட்டது. தெருவுக்குக் குறுக்கே உள்ள மதகுக்குள் போனதும் நான் மறுபக்கம் ஓடிப்போய் நின்றேன். ஒரு நிமிடம் வரவில்லை. பிளாஸ்ரிக் போத்தல் இரண்டு வந்தது, ஒரு செருப்பு வந்தது, அதற்குப் பிறகுதான் மட்டை வந்தது. அங்கிருந்து வயலுக்குள் விரிந்து, வேகம் செத்து, கோயில் குளத்துக்குள் போய்ச் சேர்ந்தது. குளம் நிறைந்திருந்தது. மேற்குக் கட்டில் வான் என்கிற தாழ்வான இடத்தால் மிச்சத் தண்ணீர் பாய்ந்துகொண்டிருந்தது. மட்டை குளத்துக்குள் அரை மணித்தியாலம் அசையாமல் நின்றது. நான் கட்டில் குந்தியிருந்தேன்.

அந்த அரை மணித்தியாலத்தில் எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. ஒழுங்கையில் செம்மண் நிறத்தில் வந்த தண்ணீர் குளத்துக்குள் நின்று மண்ணைக் கீழே போட்டுவிட்டு, வானால் போகும்போது தேத்தண்ணி நிறத்துக்கு வந்திருந்தது. குளத்து மண்ணைக் கோடையில் வெட்டித் தோட்டத்துக்குப் போடுவார்கள், எங்கள் ஒழுங்கையின் மண் அப்படித்தான் திரும்பி வருகிறது. குளத்துக்கடியால் ஒரு பங்கு தண்ணீர் கல்லுக்குள் இறங்கிக்கொண்டிருக்கும். மேல்வழியும் கீழ்வழியும் கைமாறுகிற இடம் குளம்.

பிறகு காற்று வந்தது, மட்டை வானால் இறங்கியது. வழுக்கையாற்றில் சேர்ந்ததைக் கண்டேன். அதற்குமேல் இருட்டிவிட்டது.

நவம்பர் 10

ரொறன்ரோ தம்பியின் மகள் கேட்கிறாளாம், "பொச்சுமட்டை இப்ப எங்க?" என்று. பிள்ளை, அராலிக்குக் கிட்ட வந்திருக்கும். இடையில் எங்காவது நீர்க்கோழி ஒன்று ஏறி இருந்தாலும் இருக்கும்.

நவம்பர் 11

திருத்தம். ஒக்டோபர் 23இல் முதல் மழை கிணற்றைத் தொடவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தேன். தொடவில்லைதான், ஆனால் அது வீண் போகவும் இல்லை. காய்ந்த மண் நனைந்தால்தான் பின்னால் வருகிற மழை கீழே இறங்கும். இன்று 12 முடிச்சு.

நவம்பர் 25

மின்சாரம் போய் வந்தது. முற்றத்தில் முழங்கால் அளவு தண்ணீர். அடுத்த ஒழுங்கையில் மூன்று வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள்.

2008 நவம்பரில் நிஷா புயலின்போது யாழ்ப்பாணத்தில் ஒரே நாளில் 380 மில்லிமீற்றருக்கு மேல் கொட்டியது. வருடத்து மழையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஒரே நாளில். இன்று அவ்வளவு இல்லை. இருந்தும் அன்றைக்கு ஏறாத இடத்தில் இன்றைக்குத் தண்ணீர் ஏறியிருக்கிறது. காரணத்தை மத்தியானம் போய்ப் பார்த்தேன். மதகுக்கு அந்தப் பக்கம் வெள்ளவாய்க்காலை மூடி ஒரு சீமெந்து மதில். மதில் கட்டியவர் கெட்ட ஆள் இல்லை. காணி வாங்கும்போது கோடை, வாய்க்கால் வெறும் பள்ளமாகத் தெரிந்திருக்கிறது. மதிலை உடைப்பதா என்று கொஞ்ச நேரம் சத்தம் நடந்தது. கடைசியில் அவரே அலவாங்கைக் கொண்டுவந்து அடியில் இரண்டு கல்லைப் பெயர்த்துவிட்டார். தண்ணீர் இரைந்துகொண்டு போனது.

நவம்பர் 26

நேற்றைய மதிலைப் பற்றி எழுதிவிட்டு நித்திரை வரவில்லை. என் அப்பாவும் இதைச் செய்திருக்கிறார். எங்கள் வீட்டின் பின்பக்கம் பள்ளக்காணி. மாரியில் அங்கே தண்ணீர் நிற்கும், தவளை கத்தும். 1990களில் லொறியில் செம்மண் பறித்து நிரப்பி மாட்டுக்கொட்டில் போட்டார். நானும் மண் இழுத்தேன். அந்தத் தண்ணீர் பிறகு யாருடைய முற்றத்தில் நின்றது என்று ஒருநாளும் நாங்கள் கேட்கவில்லை. இதை இங்கே எழுதாமல் மதில்காரரைப் பற்றி மட்டும் எழுதுவது நியாயமில்லை.

நவம்பர் 28

"பெரிய கொங்கிறீற் வாய்க்கால் கட்டி நேரே கடலுக்கு விட்டால் பிரச்சினை முடிந்தது" என்று மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள். வெள்ளத்தில் நின்றவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது, நானும் நின்றேன். ஆனால் அப்படி விட்ட தண்ணீர் பங்குனியில் கிணற்றில் இருக்காது. கொங்கிறீற்றுக்கு ஊற்றுக்கண் கிடையாது.

நகரத்துக்குள் ஆரியகுளம், புல்லுக்குளம், நாயன்மார்கட்டுக் குளம் எல்லாம் சும்மா அழகுக்கு வெட்டியவை இல்லை. மேட்டுத் தண்ணீரை ஒரு குளம் பிடித்து, நிறைந்த பிறகு அடுத்த குளத்துக்குக் கொடுத்து, கடைசி மிச்சம்தான் பண்ணைப் பக்கம் கடலுக்குப் போகும். கந்தரோடையில் இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய குடியிருப்பின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. வழுக்கையாறும் குளமும் வயலும் இருந்த இடத்தில் ஆட்கள் குடியேறியிருக்கிறார்கள். கடல் எங்கும் ஓடிப்போகாது, தண்ணீர் எப்படியும் அங்கே போய்ச் சேரத்தான் போகிறது. இரண்டு நாளில் போகிறதா, இரண்டு வருடத்தில் போகிறதா என்பதுதான் எங்கள் கையில் இருக்கிறது.

டிசெம்பர் 7

அராலிக்குப் போனேன். வழுக்கையாறு பரவைக்கடலில் விழுகிற இடத்தில் தடுப்பணை இருக்கிறது. கோடையில் உவர்நீர் ஏறாமல் தடுக்கவும், மாரியில் மிச்சத்தைத் திறந்து விடவும். அணைக்கு உள்ளே கையால் அள்ளி நாக்கில் வைத்தேன், மண் வாசம், உப்பு இல்லை. வெளியே பத்து அடி தள்ளி அள்ளினேன், லேசாகக் கரித்தது. இன்னும் தள்ளி, நன்றாகக் கரித்தது. தரவையில் கொக்கும் நாரையும் நிறைய.

வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஐயா ஒருவரிடம், இவ்வளவு நல்ல தண்ணீர் கடலுக்கு வீணாகப் போகிறதே என்று சொன்னேன். அவர் வலையிலிருந்து கண் எடுக்காமல், "வீண் எண்டு ஆர் சொன்னது? இந்தத் தண்ணி வந்தாத்தான் றால் குஞ்சு பிழைக்கும்" என்றார். இறால் கடலில் முட்டையிடும், குஞ்சு பரவைக்கடலின் கலப்புத் தண்ணீரில் வளரும். மாரித் தண்ணீர் வராவிட்டால் உப்பு கூடிவிடும்.

ஒக்டோபர் 9ஆம் திகதி "எனக்கும் அதே கவலைதான்" என்று எழுதினேன் அல்லவா, அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். தோட்டத்தில் நின்று பார்த்து எழுதியது அது. கரையில் நின்று பார்க்கவில்லை.

டிசெம்பர் 9

பரவைக்கடல் என்றதும் பலர் "யாழ்ப்பாணத்துக்கு ஒரு ஆறு" திட்டத்தைக் கேட்கிறீர்கள். பொறியியலாளர் எஸ். ஆறுமுகம் 1950களில் முன்வைத்தது. கனகராயன் ஆற்றுத் தண்ணீர் வந்து விழுகிற ஆனையிறவு நீரேரியை அணைகட்டி நன்னீராக்கி, முள்ளியானில் ஏறத்தாழ 4 கிலோமீற்றர் வாய்க்கால் வெட்டி வடமராட்சி நீரேரிக்குக் கொண்டுவந்து, தொண்டைமானாற்றிலும் அரியாலையிலும் தடுப்பணையால் உப்பை மறித்துவிட்டால், நீரேரி நன்னீர் ஏரியாகும், சுற்றியுள்ள கிணறுகள் இனிக்கும் என்பது எண்ணம். தடுப்பணைகள் வந்தன. வாய்க்கால் முடியவில்லை.

டிசெம்பர் 7க்கு முன் கேட்டிருந்தால் உடனே செய்ய வேண்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருப்பேன். இப்போதும் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், கிணறு சவராகிப்போன ஊர்களை எனக்குத் தெரியும். ஆனால் அந்த வலைக்கார ஐயாவையும் ஒரே பாயில் இருத்திப் பேசிவிட்டுச் செய்ய வேண்டும்.

டிசெம்பர் 16

கீழ்வழியில் போவது தண்ணீர் மட்டும் இல்லை. சுண்ணக்கல் மணல் மாதிரி வடிகட்டாது, துவாரம் துவாரமாக அப்படியே விடும். தோட்டத்துக்குப் போடுகிற யூரியா நைத்திரேற்றாகிக் கிணற்றுக்கு வருகிறது, மலசலகூடக் குழியும் அதே கல்லில்தான் இருக்கிறது. சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததை எல்லோரும் கண்டோம். மேலே ஓடுகிற அழுக்கை ஒரு மழை கழுவிக் கடலில் விடும். கீழே போனது அவ்வளவு லேசில் போகாது. இந்த வருடம் நான் யூரியாவைக் குறைத்துவிட்டுக் குளத்து மண்ணும் சாணமும் போட்டிருக்கிறேன். வெங்காயம் எப்படி வரும் என்பதைப் பங்குனியில் எழுதுகிறேன்.

ஜனவரி 4

கீரிமலை. விடிய ஆறு மணி, வாடைக்காற்று, ஆட்கள் குறைவு. கேணிக்குள் இறங்கினால் ஒரு மதில் தள்ளிக் கடல் அடிக்கிற சத்தம் காதில் விழும், உடம்பில் படுவது ஊற்றுத்தண்ணீர். கேணிக்கு வெளியே பாறைக்கரையில் வற்றுக் காலம். ஒரு கல் இடுக்கில் மணல் மெதுவாகக் கொதிப்பது போலப் பொங்கிக்கொண்டிருந்தது. விரலை வைத்தேன். நக்கிப் பார்த்தேன், உப்பு மிகக் குறைவு.

நிலத்துக்கு அடியில் எந்தெந்தக் காணிகளைக் கடந்து, எந்தெந்தக் கிணற்றில் எட்டிப் பார்த்து, எந்த வருடத்து மழை இதில் வருகிறதோ. அலை வந்து மூடும் வரை விரலை எடுக்கவில்லை.

ஜனவரி 15

தைப்பொங்கலுக்கு ரொறன்ரோவிலிருந்து படம் வந்திருக்கிறது. பிள்ளை பழைய படத்தில் மலையை அழித்துவிட்டு ஒரு பனை கீறியிருக்கிறாள். பனைக்குப் பக்கத்தில் நீலக் கோடு ஒன்று குளம் குளமாகப் போய்க் கடலில் விழுகிறது, அதில் ஒரு மண்ணிறப் புள்ளி, பொச்சுமட்டையாம். நிலத்துக்குக் கீழே புள்ளி புள்ளியாக இன்னொரு கோடு, நடுவில் ஒரு கிணறு. கிணற்றுக்குள் கயிறு. கயிற்றில் எத்தனை முடிச்சுப் போடுவது என்று தெரியாததால் விட்டுவைத்திருக்கிறாள், கேட்டுச் சொல்லட்டாம்.

இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். எட்டு.